மழைக்கு முன் பையைப் பாருங்கள்! – ஒழுகும் சைக்கிள் பையை வீட்டிலேயே சரிசெய்யும் முறை

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



நமக்கு அக்டோபர் மாதம் இரண்டு விதத்தில் சோதனை மாதம். ஒரு பக்கம் பிராக்டிகல் தேர்வு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, டிராயிங் ஷீட் சமர்ப்பிப்பு. இன்னொரு பக்கம் வடகிழக்குப் பருவமழை. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதை யாராலும் மாற்ற முடியாது. சைக்கிளில் வரும் மாணவனின் ஒரு வருட உழைப்பு முழுவதும் கேரியரில் தொங்கும் ஒரு பையை நம்பித்தான் இருக்கிறது. பை ஒழுகினால் ரெக்கார்டு நோட்டின் மசி கரைந்து போச்சு, கால்குலேட்டர் போச்சு, செல்போனும் போச்சு!

"புதுப் பை வாங்கிட்டா போச்சு" என்று சொல்வது சுலபம். ஆனால் நல்ல வாட்டர்புரூஃப் பை விலை உயர்ந்தது. பெரும்பாலும் பையில் கெட்டுப் போவது உள்ளங்கை அளவு இடம்தான். மீதித் துணி இன்னும் பல வருடம் உழைக்கும். அந்த உள்ளங்கை அளவு இடத்தை நாமே சரிசெய்யலாம். அதற்கு நம் பாடத்தில் படித்த மெட்டீரியல் சயின்ஸும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் நேராக உதவும்.

ஆனால் ஒன்று. நம்மில் பலர் ஓட்டையைப் பார்த்தவுடன் கடைக்கு ஓடி, கையில் கிடைத்த பசையை வாங்கி அப்பி விடுகிறோம். ஒரு வாரத்தில் அது உரிந்து விடுகிறது. உடனே "இந்தப் பை எதுக்கும் லாயக்கில்லை" என்று முடிவு கட்டுகிறோம். தவறு பையில் இல்லை. பசை வாங்கும் முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்தத் துணி எது? இந்த ஓட்டை எதனால் வந்தது? இந்தக் கட்டுரை முழுவதும் இந்த இரண்டு கேள்விக்கான விடைதான்.

1. கொஞ்சம் வரலாறு

துணியை மழை புகாமல் செய்யும் தொழிலில் பெரிய மைல்கல் 1823. அந்த ஆண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மேக்கின்டாஷ் என்பவர் ரப்பரை நாப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்து 1926-இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வேலை செய்த வால்டோ செமன், விறைப்பான பி.வி.சி.யை மென்மையாக்கும் வழியைக் கண்டார். ரெக்சின், தார்ப்பாய், பிளக்ஸ் பேனர் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

சைக்கிள் பைக்கும் லாரிக்கும் உள்ள உறவு சுவையானது. ஜெர்மனியில் ஹார்ட்முட் ஆர்ட்லீப் என்பவர் லாரித் தார்ப்பாய் துணியில் சைக்கிள் பை செய்து, 1982-இல் கம்பெனியே தொடங்கினார். 1993-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஃப்ரைடாக் சகோதரர்கள் பழைய லாரித் தார்ப்பாயை வெட்டிப் பை தைத்தார்கள். இன்று கேரியரின் இரு பக்கமும் தொங்குகிற, வாயைச் சுருட்டி மூடுகிற பைகளில் பல இந்த வகைத் துணிதான். ஆக, லாரித் தார்ப்பாய்க்கு ஒட்டுப் போடும் நம்ம ஊர் கடைக்காரருக்கு இந்தப் பையும் சொந்தக்காரன்தான்!

2. துணி எது? – நான்கு சோதனைகள்

பையின் ஓரத்தில் உள்மடிப்பிலிருந்து நகக்கண் அளவு துண்டு ஒன்றை வெட்டிக் கொள்ளுங்கள்.

(அ) மிதக்கும் சோதனை: துண்டைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கசக்கி, காற்றுக்குமிழ் போன பிறகு தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் அது பாலிஎத்திலின் அல்லது பாலிபுரொப்பிலின். அதாவது நெல் மூடுகிற நீலத் தார்ப்பாய் வகை. பாலிஎத்திலினின் அடர்த்தி 0.92 முதல் 0.96 வரை. நைலான் 1.14, பாலியஸ்டர் 1.38, பி.வி.சி. துணியும் 1-க்கு மேல். இவை மூழ்கும்.

(ஆ) செம்புக் கம்பிச் சோதனை: இதை வீட்டில் செய்யாமல் கெமிஸ்ட்ரி லேபில், சார் அனுமதியோடு, புகைபோக்கிப் பெட்டியில் செய்யுங்கள். செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பச்சை நிறம் போன பின் துணியில் தொட்டு மறுபடி சுடரில் காட்டினால், பி.வி.சி.யாக இருந்தால் சுடர் பச்சையாகும். அதில் உள்ள குளோரின்தான் காரணம். இதற்குப் பைல்ஸ்டைன் சோதனை என்று பெயர்.

(இ) செல்லோடேப் சோதனை: துணி மெல்லிய நைலானாக இருந்தால், பூச்சுள்ள பக்கம் செல்லோடேப் ஒட்டிப் பாருங்கள். நன்றாகப் பிடித்தால் பாலியூரித்தேன், சுருக்கமாகப் பி.யு. பூச்சு. வழுக்கிக் கொண்டு கழன்றால் சிலிக்கோன் பூச்சு.

(ஈ) தொட்டுப் பார்க்கும் சோதனை: கனமான பருத்தித் துணி, தொட்டால் மெழுகுப் பிசுக்கு, நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு – இது மெழுகு கேன்வாஸ்.

3. எந்தத் துணிக்கு எந்தப் பசை?

பி.வி.சி. துணி: நம்மில் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது பஞ்சர் கடை சொல்யூஷன். அது ரப்பர் டியூபுக்கு அருமை. ஆனால் மென்மையான பி.வி.சி.க்கு உதவாது. பி.வி.சி.யை மென்மையாக்க அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள், அதுதான் பிளாஸ்டிசைசர். அது மெல்ல மெல்ல வெளியே கசிந்து ரப்பர் பசையைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். ஒட்டிய அன்று கல் போல இருக்கும் ஒட்டு, பத்து நாளில் கையோடு வந்துவிடும்.

அடுத்து, பிளம்பர் பயன்படுத்தும் பி.வி.சி. பைப் பசை. "இதுவும் பி.வி.சி., அதுவும் பி.வி.சி.தானே" என்று தோன்றும். ஒட்டும், சந்தேகமில்லை. ஆனால் அது அசையாத குழாய்க்காகச் செய்தது. காய்ந்தால் விறைத்துவிடும். பையை மடக்க மடக்க விரிசல் விடும். ஒரு சொட்டில் ஒட்டும் சூப்பர் பசையின் கதையும் இதேதான்.

சரியானது பி.யு. பசை. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் காலணித் தொழிலில் வேலை பார்க்கும் அண்ணன் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பி.வி.சி. அடிப்பாகத்தை ஷூவில் ஒட்டப் பி.யு. பசைதான் போடுவார்கள். அது பிளாஸ்டிசைசரைத் தாங்கும், வளைந்து கொடுக்கும். காலணிப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும். காற்றடைத்த ரப்பர் படகுகளுக்கு விற்கும் இரண்டு பாகப் பி.யு. பசையும் இதே இனம்.

பி.யு. பூச்சு நைலான்: பி.யு. பசை அல்லது பி.யு. சீலன்ட்.

சிலிக்கோன் பூச்சு நைலான்: சிலிக்கோன் சீலன்ட் மட்டும். இதைத் தலைகீழாகச் செய்யாதீர்கள்! பி.யு. துணியில் ஒருமுறை சிலிக்கோன் தடவிவிட்டால், அதன் மேல் பிறகு வேறு எந்தப் பசையும் பிடிக்காது.

பாலிஎத்திலின்: எந்தப் பசையும் நம்பத் தக்கதல்ல. இதன் மேற்பரப்பு ஆற்றல் குறைவு. பசை பரவிப் பிடிக்காமல் தாமரை இலைத் தண்ணீர் போல நிற்கும். தைத்து, தார்ப்பாய்க்கென்று விற்கும் டேப் ஒட்டலாம். அல்லது தார்ப்பாய் கடையில் சூட்டில் ஒட்டச் சொல்லலாம்.

4. ஓட்டை எங்கே? எதனால்?

கண்ணுக்குத் தெரியும் கிழிசல் பெரிய எதிரி இல்லை. தெரியாத ஊசித் துளைகள்தான் எதிரி. அவற்றைக் கண்டுபிடிக்க இரண்டு வழி.

முதல் வழி வெளிச்சம். இரவில் அறை விளக்கை அணைத்து, பைக்குள் செல்போன் டார்ச்சைப் போட்டு வாயை மூடுங்கள். துளை உள்ள இடமெல்லாம் நட்சத்திரம் போல மின்னும். கனமான கறுப்புத் துணியில் இது நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது வழி நாம் பஞ்சர் கடையில் பார்த்ததுதான். பையில் காற்றை அடைத்து வாயை மூன்று நான்கு சுற்று சுருட்டி மூடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் குமிழ் வரும் இடம் ஓட்டை. சுருட்டிய வாயருகே வரும் குமிழைக் கண்டுகொள்ள வேண்டாம். அங்கே கொஞ்சம் காற்று கசிவது சகஜம். ஒவ்வோர் இடத்தையும் துடைத்துவிட்டு மார்க்கரால் வட்டமிடுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி: எதனால்? ஓட்டை இருக்கும் இடமே பதில் சொல்லும்.

பையின் முதுகில் நேர்கோட்டுத் தேய்மானம் என்றால், கேரியர் கம்பி உரசுகிறது. கம்பியில் பழைய டியூபைச் சுற்றிக் கட்டுங்கள். அடி மூலைகளில் துளை என்றால், பையைத் தரையில் வைத்து இழுக்கிறோம். சுருட்டும் வாய்ப் பக்கம் குறுக்கே விரிசல் என்றால், தினமும் ஒரே இடத்தில் மடிக்கிறோம். அல்லது வெயிலில் போட்டுப் பூச்சை விறைக்க வைத்துவிட்டோம். உள்பக்கமிருந்து குத்திய துளை என்றால், டிராஃப்டர் திருகோ காம்பஸ் முனையோ குத்தியிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் ஒட்டுப் போட்டால், அடுத்த மழைக்குள் ஒட்டின் மேலேயே ஓட்டை விழும்.

5. ஓட்டைக்கு முன் கொக்கி!

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பை ஒழுகினால் நோட்டு நனையும். கொக்கி கழன்றால் பை பின் சக்கரத்தின் ஆரங்களுக்குள் போகும்; சக்கரம் நின்றுவிடும்; பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. பையின் எடை 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சும்மா தொங்கும்போது சுமை ஏறத்தாழ 60 நியூட்டன். பள்ளத்தில் சக்கரம் விழும்போது அது மூன்று மடங்காகிறது என்று கொண்டால் 180 நியூட்டன். இரண்டு கொக்கி, கொக்கிக்கு இரண்டு திருகு. ஆக ஒரு திருகுக்கு 45 நியூட்டன். திருகின் விட்டம் 5 மி.மீ., துணியின் கனம் 0.6 மி.மீ. என்றால், துணியைத் திருகு அழுத்தும் பரப்பு 5 × 0.6 = 3 சதுர மி.மீ. மட்டுமே. தாங்கு தகைவு 45 ÷ 3 = 15 நியூட்டன்/சதுர மி.மீ. ஒரு திருகு கழன்று விழுந்துவிட்டால் அதே கொக்கியின் மற்ற திருகுக்கு இது 30 ஆகும். "ஒண்ணு போனா அடுத்ததும் போயிடும்" என்று மெக்கானிக் அண்ணன் சொல்வதன் கணக்கு இதுதான்.

பரிகாரம் எளிது. உள்பக்கம் 40 × 80 மி.மீ. அளவில் 1.5 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை வையுங்கள். மூலைகளை அரத்தால் வட்டமாக்குங்கள். இல்லாவிட்டால் தகடே பையை வெட்டும். கொக்கிக்கும் தகட்டுக்கும் நடுவே துணி இறுகப் பிடிபடும்போது, சுமை திருகுத் துளையின் விளிம்பை விட்டு 3200 சதுர மி.மீ. பரப்புக்குப் பரவுகிறது. தகட்டுக்கும் துணிக்கும் நடுவே பழைய டியூபில் வெட்டிய ரப்பர் துண்டை வைத்தால், திருகுத் துளை வழியே தண்ணீரும் வராது. சாதாரண நட் அதிர்வில் கழலும். நைலாக் நட் போடுங்கள். பழைய பாப் ரிவெட் ஆடினால் அதை டிரில் செய்து எடுத்துவிட்டு நட்-போல்ட்டாக மாற்றுவது நல்லது.

பையின் முதுகுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பலகை உடைந்திருந்தால், பை தொளதொளத்துச் சக்கரப் பக்கம் வளையும். பெரிய பெயிண்ட் டப்பாவின் மூடியை அளவாக வெட்டிச் செருகினால் போதும்.

6. ஒட்டுப் போடும் முறை

ஒட்டுக்கான துணி பையின் துணியைப் போலவே இருக்க வேண்டும். தார்ப்பாய் கடையில் வெட்டிப் போட்ட துண்டு கேட்டால் கொடுப்பார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் பிளக்ஸ் பேனர் இருக்கவே இருக்கிறது. அதுவும் பாலியஸ்டர் வலையில் பி.வி.சி. பூசியதுதான். ஆனால் மெல்லியது. அதனால் உள் ஒட்டுக்கு மட்டும் வையுங்கள். பசையை அச்சடிக்காத பின்பக்கம் தடவுங்கள். தலைவர் படம் உள்ள பக்கத்தில் தடவினால் மசியோடு சேர்ந்து ஒட்டும் உரியும்!

படி 1: ஒட்டை வட்டமாகவோ முட்டை வடிவிலோ வெட்டுங்கள். சதுர மூலையில் தகைவு குவியும். உரிதல் அங்கேதான் ஆரம்பிக்கும். ஓட்டையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 25 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். பசை இணைப்பு சறுக்கு விசையை நன்றாகத் தாங்கும். உரிக்கும் விசையைத் தாங்காது. அகலமான மேற்படிவு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

படி 2: கிழிசல் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் முதலில் இரு விளிம்பையும் தொட்டும் தொடாமலும் தைத்து நிறுத்துங்கள். நைலான் அல்லது பாலியஸ்டர் நூல்தான் வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும்.

படி 3: இரண்டு பரப்பையும் சோப்பால் கழுவிக் காய வைத்து, 180 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பு போகும் வரை லேசாகத் தேயுங்கள். நூல் தெரியும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம்; எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். துடைத்த பின் விரலால் தொடாதீர்கள்.

படி 4: பசையை இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் காய விடுங்கள். இன்னொரு பூச்சு தடவி மறுபடி காய விடுங்கள். "காய்ஞ்சா எப்படி ஒட்டும்?" என்று அவசரப்படக் கூடாது. உள்ளே கரைப்பான் சிக்கினால் குமிழ் கட்டும். டப்பாவின் மேல் வேறு நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படி 5: இரண்டு பரப்பையும் ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வைத்து அழுத்துங்கள். அம்மாவிடம் கேட்டுப் பூரிக்கட்டையை வாங்கி உருட்டினால் காற்று வெளியேறும். கேட்காமல் எடுத்தால் விளைவுக்கு நான் பொறுப்பல்ல!

படி 6: மேலே ஒரு பலகை, அதன் மேல் நான்கு செங்கல் வைத்து 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு மறுபடி தொட்டிச் சோதனை செய்யுங்கள்.

குத்துத் துளைக்கு உள் ஒட்டு ஒன்றே போதும். தேய்ந்த அடி மூலைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள் ஒட்டு தண்ணீரைத் தடுக்கும். வெளி ஒட்டு தேய்மானத்தை வாங்கிக் கொள்ளும். வெளி ஒட்டு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

7. மற்ற இரண்டு நோய்கள்

உள்பூச்சு உரிதல்: பழைய நைலான் பைக்குள் கை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டும், செதில் செதிலாக உதிரும், ஒரு புளித்த வாடையும் வரும். ஈரமும் வெப்பமும் சேர்ந்து பி.யு. மூலக்கூற்றின் பிணைப்பை உடைத்துவிட்டன என்று அர்த்தம். ஈரப் பையைச் சுருட்டி மூடி பரண் மேல் போட்டால் இது சீக்கிரம் வரும். உரிந்த பூச்சின் மேல் ஒட்டு நிற்காது. சிறிய இடமானால் சுரண்டி எடுத்துவிட்டுப் பி.யு. சீலன்ட் பூசலாம். பை முழுவதும் உரிந்திருந்தால் பாடுபட வேண்டாம். உர மூட்டைக்குள் இருப்பது போன்ற கனமான பாலிதீன் உறை ஒன்றை உள்ளே போட்டு வாயைச் சுருட்டிக் கட்டுங்கள். மழையை உறை பார்த்துக் கொள்ளும். சுமையைப் பழைய பை பார்த்துக் கொள்ளும்.

மெழுகு கேன்வாஸ்: இங்கிலாந்தில் 1932 முதல் காரடைஸ் கம்பெனி சைக்கிள் பைகளை இந்த வகைத் துணியில் செய்து வருகிறது. பருத்தி இழை நனைந்தால் உப்பி, நெசவின் சந்துகளைத் தானே அடைக்கும். மெழுகு மீதியைப் பார்த்துக் கொள்ளும். வெளுத்த இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து, ஹேர் டிரையரால் உருக்கித் துணிக்குள் இறங்கச் செய்யுங்கள். கொஞ்சம் தேன்மெழுகு சேர்ந்தால் மடிப்பில் உதிராது. சோப்புப் பவுடரில் ஊற வைத்தால் மெழுகு போய்விடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

8. செய்யக் கூடாதவை

* பி.வி.சி. துணியைத் தீயிலோ கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியிலோ காட்டி ஒட்டாதீர்கள். கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும்.
* மூடிய ஹாஸ்டல் அறையில் பசை தடவாதீர்கள். கரைப்பான் ஆவி தீப்பிடிக்கும். ஊதுவத்தி, கொசுவத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. பசை தடவிய பரப்பு முழுவதும் காய்ந்து வாடை அடங்கிய பிறகே ஹேர் டிரையரைத் தொட வேண்டும். அதுவும் பசை டப்பாவை மூடி அப்பால் வைத்துவிட்டு.
* பையைத் தைத்துவிட்டு அப்படியே விடாதீர்கள். ஒவ்வோர் ஊசிக் குத்தும் ஒரு புதிய ஓட்டை. தையல் மேல் சீலன்ட் தடவியே தீர வேண்டும்.

9. வைவாவில் கேட்டால்...

கேள்வி: ஒட்டு ஏன் மூலையில் இருந்து உரிகிறது?
பதில்: மூலையில் தகைவு குவிகிறது, அங்கே விசை சறுக்காமல் உரிக்கிறது, சார்.

கேள்வி: பஞ்சர் சொல்யூஷன் டியூபில் ஒட்டுகிறது, பி.வி.சி. பையில் ஏன் நிற்பதில்லை?
பதில்: பிளாஸ்டிசைசர் கசிந்து பசையைக் கெடுக்கிறது, சார்.

கேள்வி: முதலில் எதைச் சரிசெய்வாய், ஓட்டையையா, கொக்கியையா?
பதில்: கொக்கியை, சார். நோட்டை மறுபடி எழுதலாம்.

நண்பர்களே! பிளஸ் ஒன்னில் கிடைத்த விலையில்லா சைக்கிளிலேயே இன்றும் கல்லூரிக்கு வருபவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஒரு பையின் விலை சின்ன விஷயமில்லை. செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். உங்கள் பையைத் தொட்டியில் அமுக்கிப் பாருங்கள். முடிந்தால் பக்கத்து பெஞ்ச் நண்பனின் பையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு டப்பா பசை திறந்தால் நான்கு பைக்கு வரும். மூடி வைத்தால் அடுத்த வருடத்துக்குள் இறுகிவிடும். ஆகவே நான்கு பேர் சேர்ந்து வாங்குவதே சிக்கனம்.

மழை நன்றாகப் பெய்யட்டும். ஏரி குளம் நிறையட்டும். நம் ரெக்கார்டு நோட்டுகள் மட்டும் காய்ந்தபடி லேப் வந்து சேரட்டும்!